அருளம்பலத்தின் முகச்சாயல்

ஒருவருடைய முகம் எந்த விலங்கைப் போலிருக்கிறதோ, அதன் குணமே அவருக்கும் இருக்கும் என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினார்கள். அதைப் படங்களாகவும் வரைந்தார்கள். அந்தப் பாணியில் தான் வரைந்த சிங்கம், நரி, கழுதை போன்ற விலங்குமுக மனிதர்களைத் திருகோணமலையில் கண்காட்சியாக வைத்திருந்தாள் சோபனா.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு அருளம்பலம் கோபத்தோடு வந்தார்.

“என்னைக் கேளாமல் என்ர முகத்தைப் படமாக் கீறியிருக்கிறீர், பிள்ளை. நேற்று வந்து பாத்த என்ர மனுசி இன்னும் சிரிச்சு முடியேல்லை!”

சோபனா சுவரிலிருந்த ஒரு படத்தருகே ஓடினாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. கீறேக்க வேற முகம் ஞாபகத்துக்கு வரேல்லை. அந்தக் கழுதைப் படத்தை இப்பவே கழற்றிறன்.”

அருளம்பலம் கழுதைப் படத்தை அப்போதுதான் உற்றுப் பார்த்தார்.

“கழுதையோ?” குரல் இறங்கிவிட்டது. “என்னைச் சிங்கமாக் கீறினதுக்குத்தான் அவ சிரிக்கிறா எண்டெல்லோ நான் நினைச்சனான்!”