இருபதாவது வீடு

பத்தொன்பது சிவப்பு. ஒரு பச்சை.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் நின்றாள். உட்காரச் சொல்ல அதிகாரி தங்கப்பழத்துக்குத் தோன்றவில்லை.

"ஏம்மா, டீக்கடையில உக்காந்து போட்டீங்களோ?"

உப்பளத் தொழிலாளர் தெருவில் இருபது வீடுகளை அவள் கணக்கெடுத்திருந்தாள். போன ஏழு நாளில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பது கேள்வி.

பத்தொன்பது வீட்டிலும் ஒரே பதில். பூஜ்யம்.

இந்த மாதம் புதிதாக வந்த ஏற்பாடு. எல்லா மாநிலத்துக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே குறியீடு, சரிபார்க்க ஒரே செயற்கை நுண்ணறிவு. பதில்கள் ஒன்றுபோல வந்தால் அதற்குச் சந்தேகம். வீட்டுக்குப் போகாமல் எழுதியது என்று சிவப்பு போட்டுவிடும்.

மாலைக்குள் சிவப்பு நீங்காவிட்டால் அவளுடைய ஒப்பந்தம் ரத்து. எட்டு வருட வேலை.

"மழை சார்," என்றாள்.

தங்கப்பழம் போனை எடுத்தார். முதல் படிவத்திலிருந்த நம்பரை அழுத்தி ஒலிபெருக்கியைப் போட்டார்.

"யாரு, சர்க்காரா?" முதல் வீட்டுப் பேச்சித்தாயின் குரல். "பாத்தியில முழங்கால் தண்ணி கெடக்கு. இதுல எவன் உப்பு வாருவான்? ஒங்க மிசினு வந்து வாருமாக்கும்?"

அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

இன்னும் ஐந்து வீடுகளுக்குப் பேசினார். ஆறு பேருக்கும் அதே மழை.

பிறகு ஒவ்வொரு சிவப்பையும் திறந்து காரணம் எழுதினார். ஒவ்வொன்றாகப் பச்சையானது. அவள் அப்போதுதான் கால் மாற்றி நின்றாள்.

"இதப் பாருங்க." முதலிலேயே பச்சையாக இருந்த இருபதாவதை அவர் திறந்தார். "படிவம்னா இப்படில்லா இருக்கணும்."

அந்த வீடு பூட்டிக் கிடந்தது. மூன்று முறை போனாள். மாற்று வீடு எடுக்க அனுமதி வாங்க வேண்டும். அன்று கடைசி நாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அவளே நிரப்பினாள். கற்பனையில் ஒரு குடும்பம்: அப்பாவுக்கு நாலு நாள் வேலை. அம்மாவுக்கு இரண்டு. மகளுக்குத் தையல். போன் நம்பர் போடாமல் படிவம் மூடாது. தன் இரண்டாவது சிம்மின் நம்பரைப் போட்டாள்.

"மிசின் ஒரு குறை சொல்லல பாருங்க. இத 'மாதிரிப் படிவம்'னு குறிச்சு அனுப்புதேன். இனிமே எல்லா மாநிலத்துலயும் மிசின் இதப் பாத்துத்தான் படிக்கும்."

திரையில் அம்புக்குறி நகர்ந்து பொத்தானின் மேல் நின்றது.

அடுத்த மாதமும் மழை உண்டு. பேச்சித்தாயிடம் மறுபடியும் கேட்பார்கள். பேச்சித்தாய் மறுபடியும் பூஜ்யம் என்பாள்; மிசின் அதைப் பொய் என்னும்.

"சார்."

"என்னம்மா?"

"அந்த வீட்டுக்கும் ஒரு போன் போட்டுருங்க."

"பச்சைக்கு எதுக்கு போனு? வேற வேல இல்லையா எனக்கு?"

"போடுங்க சார்."

அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு எண்களை அழுத்தத் தொடங்கினார்.

அவள் கைப்பையைத் திறந்தாள். போனை எடுத்து, மேசையில் அவருக்கு எதிரே வைத்தாள்.

அவர் அழுத்த இன்னும் மூன்று எண்கள் இருந்தன.