வாத்தியாருக்கு லீவு

"பூவுக்குள்ள கையை விட்டு என்னத்தடே தேடுதிய? நனைஞ்ச பூவுக்கு அடியில எவளாவது அரிசியை ஒளிச்சு வைப்பாளா? களியக்காவிளை போய்ச் சேரும்போ ஊறிக் கொழுக்கட்டை மாவு ஆயிராதா?"

சுயம்புலிங்கம் போட்ட சத்தத்தில் கிளீட்டஸ் பாடத்துக்கு வைத்திருந்த பூக்கூடையிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தக்கலையில் ரோட்டோரப் பள்ளிக்கூட மைதானத்தில், தொண்டர் போலீஸில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்கள்.

அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். தோவாளைப் பக்கத்து அரிசி பஸ்ஸில் ஒளிந்து ஒளிந்து மேற்கே எல்லை தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இருக்கிற போலீஸ் போதாமல், ஊர்ப் பையன்களைத் தொண்டர்களாகச் சேர்த்திருந்தார்கள். அவர்களுக்குச் சோதனை போடுகிற வித்தையைச் சொல்லிக் கொடுக்க வந்தவர்தான் சுயம்புலிங்கம்.

பையன்களுக்கு அவர் வாத்தியார். காக்கி கிடையாது, வேட்டிதான். ஆனால் ஒன்றுக்குப் போனால்கூடப் பின்னாலேயே இரண்டு போலீஸ்காரர்கள் போனார்கள். பெரிய புள்ளிதான் என்று பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்கு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தார்.

"மக்கா, இன்னைக்காவது ஒரு ஆளைப் பிடிச்சுத் தாங்கடே. பிடிச்சா என்னை வீட்டுக்கு அனுப்புகேன்னு இன்ஸ்பெக்டர் வாக்குத் தந்திருக்காரு. எனக்க மக பிறந்து, நடக்கவும் தொடங்கியாச்சு. நான் இன்னும் அவ முகத்தைப் பாக்கல்ல."

"பிள்ளையைப் பாக்கக்கூட லீவு தராத வேலை உண்டா வாத்தியாரே?" என்று கேட்டான் ஜான்ரோஸ்.

"உண்டு மக்கா, உண்டு" என்றவர் அவசரமாகப் பாடத்துக்குத் திரும்பினார்.

"கூடையை விடு. தலையில கூடைக்கு அடியில வைக்குதாள்லா சும்மாடு, அதைப் பாரு. கூடையை இறக்கினதும் சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் தொடைக்காத பொம்பளை உண்டா? தொடைக்காம பத்திரமா வச்சிருந்தா விடாதிய. துணியைக் குழலாத் தைச்சு, அரிசியை அடைச்சு, வட்டமாச் சுருட்டியிருப்பா."

பஸ் வந்து நின்றது. பையன்கள் ஓடினார்கள்.

"நீங்களும் வாங்க வாத்தியாரே!"

"பஸ் பக்கம் நான் வரக்கூடாது மக்கா. உத்தரவு."

கடத்தல்காரர்களுக்கு அவர் முகம் தெரிந்திருக்கும், பார்த்தால் உஷாராகிவிடுவார்கள் என்று ஜான்ரோஸ் நினைத்துக்கொண்டான்.

பஸ்ஸுக்குள் பிச்சி மணமும் வியர்வையும். பூக்காரிகள் எல்லாரும் சும்மாட்டை உதறி விசிறிக்கொண்டிருந்தார்கள். கடைசி சீட்டுக்காரி மட்டும் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அவள் சும்மாடு, மடியில் தூங்கிய குழந்தையின் தலைக்கு அடியில் இருந்தது.

"அக்கா, அந்தச் சும்மாட்டைக் கொஞ்சம் தாங்க."

"பிள்ளை இப்பம்தான் கண்ணை மூடிச்சு. தலையில வைக்குத துணிக்குமா சோதனை?"

ஜான்ரோஸ் மெல்ல உருவினான். கனத்தது. தையலைப் பிரித்ததும் அரிசி பொலபொலவென்று அவன் காலில் கொட்டியது.

"வாத்தியாரே, கிடைச்சாச்சு! உங்களுக்கு லீவு கிடைச்சாச்சு!" என்று கத்திக்கொண்டே மைதானத்துக்கு ஓடினான் கிளீட்டஸ்.

சுயம்புலிங்கத்துக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. "பலே மக்கா! பலே! யாருடே அந்தக் கெட்டிக்காரி? கூட்டிட்டு வாங்க, பாப்போம்!"

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலை குனிந்தே வந்தாள் அவள். பையன்கள் விலகி வழிவிட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். வாத்தியாரின் முகத்திலிருந்த சிரிப்பு செத்துப் போயிற்று.

அவள் அழவில்லை. குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க மக. ஜெயில்ல இனி நான் இருந்துக்கிடுதேன்."