கண்ணாடிக் கணக்கு

"முந்நூத்தி நாப்பது ரூபா! நெனப்பிருக்காலே மணியா?" சுப்புராஜ், மணியன் கடனுக்கு எழுதிக்கொடுத்து, தன் மடியிலிருந்த புரோநோட்டைத் தட்டிக் காட்டினார். "நான் ஜெயிச்சா இதைக் கொளுத்திருவேன். தோத்தேன், விடிஞ்சா உன் பூண்டுக்காடு எனக்கு."

"ஊர் முன்னால சொன்ன பேச்சு மொதலாளி. மாறக்கூடாதுங்க," என்றான் மணியன். கண் எதிர்மலையை விட்டு அகலவில்லை.

பள்ளங்கியில் பஞ்சாயத்துத் தேர்தல். சுப்புராஜுக்கும் நாச்சிமுத்துக்கும் போட்டி. ஓட்டு எண்ணுவது கொடைக்கானலில். ஆள் நடந்து வந்து சேதி சொல்லப் பொழுது சாய்ந்துவிடும். அதனால் மணியனின் மச்சினன் சின்னக்கருப்பன், முகம் பார்க்கும் கண்ணாடியோடு அங்கே போயிருந்தான்; எண்ணிக்கை தெரிந்ததும் எதிர்மலைப் பாறையில் ஏறிச் சேதி சொல்வான். லாரிக்கு எத்தனை மூட்டை என்பதை இருவரும் வெயிலில் கண்ணாடியை மினுக்கித்தான் சொல்லிக்கொள்வார்கள். வேறு யாருக்கும் அந்தப் பாஷை பிடிபடாது.

"அடிக்கிறான்யா!" கூட்டம் துள்ளியது.

பளிச், பளிச்சென்று ஏழு மினுக்கல். கொஞ்சம் நிறுத்தி, இரண்டு.

"இது நம்ம மொதலாளிக்கு..." மணியன் இழுத்தான்.

"எம்புட்டுலே? வெரசா சொல்லித் தொலை!"

"எழுபத்தி ரெண்டு!"

விசில் பறந்தது. மறுபடியும் பளிச். நான்கு. நிறுத்தி, ஒன்பது.

"நாச்சிமுத்துக்கு நாப்பத்தி ஒம்போது!"

"கத்தாதீங்கடா, இருங்க!" சுப்புராஜ் விரல் விட்டுக் கூட்டினார். மணியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஆக நூத்தி இருபத்தொண்ணு. விழுந்த ஓட்டும் நூத்தி இருபத்தொண்ணுதான். கணக்கு நேராயிருச்சுலே!"

மேளம் அதிர்ந்தது. சுப்புராஜைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். இறங்கிய கையோடு, ஊரே பார்க்க, புரோநோட்டை டீக்கடை அடுப்பில் வீசினார். "போலே, பொழைச்சுப் போ!"

பொழுது சாயும் நேரத்தில் சின்னக்கருப்பன் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தான். மேளச்சத்தம் கேட்டுத் திருதிருவென விழித்தான்.

"என்ன மச்சான் கூத்து இது? தோத்தவருக்கு எதுக்கு மாலை? இவருக்கு இருபத்தேழு, நாச்சிமுத்துக்குத் தொண்ணூத்தி நாலு. மூட்டைக்கு அடிக்கிற மாதிரி ஒண்ணாம் எடத்தை முன்னாடியும் பத்தாம் எடத்தைப் பின்னாடியும்தானே அடிச்சேன்? நீங்க சரியாப் பாக்கலையா?"

மணியன் அடுப்புச் சாம்பலை ஒரு குச்சியால் கிளறி, துண்டுக் காகிதம்கூட மிச்சமில்லை என்று பார்த்துக்கொண்டான்.

"சரியாத்தான்லே பாத்தேன். சொல்றப்பதான் மாத்திச் சொன்னேன்."