அட்டையில் ஆறு எழுத்து

“டீச்சரம்மா, இதுக்கு என்ன அர்த்தம்?”

கிழிந்த அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றை மேஜையில் அவளுடைய பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார் சுமைக்காரர். அந்தக் கிடங்கில் இருபது வருஷமாகப் பெட்டி தூக்குகிறவர். சாப்பாட்டு நேரத்தில் எழுத்துச் சொல்லித் தருவதால், பில் போடும் அந்தப் பெண் அவருக்கு டீச்சரம்மா.

அட்டையில் கோணல்மாணலாக ஆறு ஆங்கில எழுத்துகள்.

“ரெட்யூஸ். குறைக்கிறதுன்னு அர்த்தம்ணே. வேகத்தைக் குறை, எடையைக் குறைன்னு சொல்றோமே, அது.”

“என் வீட்டுக்காரி குழம்புல உப்பைக் கொறைக்கணும்னா?”

“அதுக்கும் இதான்.”

“வாயைக் கொறைக்கணும்னா?”

“அதுக்கு எந்த பாஷையிலயும் வழி கிடையாது. ஆமா, இதை எங்கே பார்த்தீங்க?”

“மொதலாளி ரூம்ல தண்ணி கேன் வைக்கப் போனேன். மேஜையில ஒரு காகிதம். பாத்து எழுதிட்டு வந்தேன்.”

அவளுக்குத் திக்கென்றது. வியாபாரம் படுத்துக் கிடக்கிறது. மாதக் கடைசிக்குள் ஓர் ஆளைக் கழிக்கப் போகிறார்கள் என்று கிடங்கு முழுக்கப் பேச்சு. இருப்பதிலேயே வயதானவர் இவர்தான்.

“அதுக்குக் கீழே ஏதாவது எழுதியிருந்துச்சா?”

“இருந்துச்சு. அது எனக்கு வாசிக்கத் தெரிஞ்சதுதான்.”

அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுத அவள்தான் போன மாதம் பழக்கியிருந்தாள்.

“ஒரு சந்தேகம். இந்த வார்த்தை தனியா நிக்குமா?”

“நிக்காதுண்ணே. எதைக் குறைக்கணுமோ, அதையும் சேர்த்து எழுதணும்.”

“கூட இருக்கறதை மாத்திட்டா விஷயமே மாறிடும்?”

“மாறிடும்.”

“அது போதும்.” அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார். “நீ சொல்லித் தரலேன்னா இன்னிக்கும் நாலு பேரைக் கேட்டுத்தான் பஸ் ஏறிட்டிருப்பேன் டீச்சரம்மா.”

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டதும், போன கையோடு சொல்லிவிட்டாள்.

“சார், அந்தப் பெரியவரை அனுப்பிடாதீங்க. இந்த வயசுல அவரை வேற யாரும் சேத்துக்க மாட்டாங்க.”

முதலாளி ஒரு தாளை நீட்டினார். எறும்பு ஊர்ந்த மாதிரி தமிழ் எழுத்து. ஒரு வார்த்தை மட்டும் ஆங்கிலத்தில்.

‘ஐயா, ஆளை ரெட்யூஸ் செய்ய வேண்டாம். என் வேலை நாட்களை ரெட்யூஸ் செய்யுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் எனக்குப் போதும்.’

“அவருக்கு மட்டும் எப்படிக் குறைக்கிறது? ரெண்டு பேருக்கும் நாலு நாள்னு வெச்சுக்கலாம். நிலைமை சரியானதும் பழையபடி வாங்க. சம்மதமா?”

“ரெண்டு பேருன்னா… அவரோட இன்னொருத்தர் யாரு சார்?”

முதலாளி இழுப்பறையிலிருந்து தான் முதலில் எழுதிய காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

மேலே அந்த ஆறு எழுத்து. கீழே, அவள் மேஜைப் பலகையில் இருக்கும் அதே பெயர். அவருக்கு அவள் முதன்முதலாக வாசிக்கக் கற்றுக்கொடுத்த வார்த்தை.