முன்வரிசை

பழைய கம்ப்யூட்டரின் பச்சை வெளிச்சம் அவன் மூக்குக்கண்ணாடியில் மினுங்குகிறது. விளையாட்டில், பாழடைந்த விண்கலத்தின் இருட்டுப் பாதைகளில் அவன் வீட்டார் பெயர்களைச் சூட்டிய நான்கு வீரர்கள் நடக்கிறார்கள்; கதவு திறக்கும்போதெல்லாம் ஃபிளாப்பி டிஸ்க் கரகரக்கிறது. துணி மடிக்கும் மனைவி திரையில் தன் பெயரைப் பார்த்து நெருங்குகிறாள். “ஏன் எல்லா அடியும் எனக்கே விழுது?” “முன்னாடி நிக்கறவங்களுக்குத்தான் விழும். உனக்குத்தான் உயிர் ஜாஸ்தி.” “நீங்க எங்க?” “கடைசியில. வழி பாக்கணும்ல.” அவள் மடிக்க எடுத்த அவன் சட்டையின் காலரை நீவிக்கொண்டே இருக்கிறாள். பாதையை அடைத்துக்கொண்டு ஓர் இரும்பு மிருகம் காத்திருக்கிறது. அவன் மெதுவாக இரண்டு பொத்தான்களைத் தட்டித் தன் பெயரை முன்னால் கொண்டுவருகிறான். முதல் அடியிலேயே அவன் உயிர் பாதியாகிறது. அவள் சட்டையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். “வழிய நான் பாக்கறேன்.”