கண் இல்லாத சிலேட்டு

நிறம் பிடித்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

விமலேஸ்வரி அந்தச் சாமானைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. முகம் முழுக்கக் கண்ணாடி. சின்னப் பிள்ளைகளின் சிலேட்டுக்கு வெள்ளிப் பூச்சுப் பூசியதுபோல இருந்தது.

நிறத்தில் என்ன கிடக்கிறது?

"இன்ரநெற் இனி உங்கள் கையில். இருந்த இடத்திலிருந்தே எவரோடும் கதைக்கலாம்" என்று நெளுக்குளம் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எழுதியவர் சனசமூக நிலையத் தலைவர் ஐயாத்துரை. அந்த ஒரு வரியை நம்பித்தான், பொங்கலுக்குத் தைக்க வேண்டிய சட்டைகளை அப்படியே போட்டுவிட்டு, அவள் விடியவே நிலையத்துக்கு வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

யாழ்ப்பாணம் போகிற ஏ-9 பாதை சண்டையால் பூட்டி ஐந்து மாதமாகிவிட்டது. அவளுடைய மகள் நிரோஜா யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூட விடுதியில். ஏழு வயது. பாதை திறந்திருந்தபோது மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்வந்த தாய், இந்த ஐந்து மாதமாகப் பிள்ளையோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

விடுதிக்குக் கமரா வைத்த கணினி ஒன்று வந்திருப்பதாக அங்கிருந்து கடிதம் வந்திருந்தது. இங்கே வவுனியா டவுனில் அப்படியொரு கணினி வைத்திருந்த கடைக்காரனோ ஆவணியோடு கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டான். அதனால்தான் இந்தச் சிலேட்டு.

மேசைக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்காரர் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து வந்தவர். புதுச் சாமானின் அமைப்பைப் பற்றிச் சனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிப்போக வந்திருந்தார்.

சைக்கிள் கடை செல்வராசா அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே தெரியவில்லை என்றார். தமிழ்ப் பேப்பரைத் திறந்தால் எழுத்து வரவில்லை, பெட்டி பெட்டியாக வந்தது. எழுதுகிற குச்சி ஈர்க்கைவிட மெலிது, கீழே விழுந்தால் தேடிப் பிடிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் கம்பெனிக்காரர் தலையாட்டினார்.

விமலேஸ்வரி மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். முன்பக்கம், பின்பக்கம், நாலு விளிம்பு.

"தம்பி, இதுக்குக் கண் எங்க?"

அவருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. "கேமராவா? அது இல்லைங்க. ஸ்லிம்மா இருக்கணும்னு எடுத்துட்டாங்க. ஆனா மைக் இருக்கு. யாரோட பேசணும்?"

"மகளோட."

"அப்ப பொண்ணு குரலைக் கேக்கலாமே!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிறத்தைக் கேட்கத் தெரிகிறது, பாரத்தைக் கேட்கத் தெரிகிறது, மூலை உருண்டையாக இருப்பது பிடித்திருக்கிறதா என்றுகூடக் கேட்கத் தெரிகிறது. ஒரு நூல் தடிப்புக் குறைப்பதற்காகக் கண்ணைப் பிடுங்கும்போது மட்டும் ஒருவரையும் கேட்கத் தோன்றவில்லை. மெலிசாக வைத்து இவர்கள் என்ன, கழுத்தில் மாலையாகவா போடப் போகிறார்கள்?

"குரலை வைச்சு நான் என்ன செய்யிறது? எனக்குக் கதை வேணும். இதில கதை வராது!"

கம்பெனிக்காரர் திகைத்துப் போனார். பிள்ளையின் குரல் வேண்டாம் என்கிற தாயை அவர் எங்கும் கண்டிருக்கமாட்டார்.

"ஊர்ல போன் இருக்கே, ஒரு தடவையாவது பண்ணிப் பேசினீங்களா?"

"இல்லை."

அவர் அவளைப் பார்த்த பார்வை நல்ல பார்வையாக இல்லை. பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார். எழுதியதை வாய்விட்டும் சொன்னார். "சரிங்க. அடுத்த மாடல்ல குழந்தைங்களுக்குக் கதை நிறையப் போடச் சொல்றேன். ராஜா கதை, முயல் கதை..."

வேறு நேரமென்றால் சனம் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயாத்துரை சுவரில் தான் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விமலேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டாள். சிலேட்டை எடுத்துப் பதிவுப் புத்தகத்தில் சாய்த்து நிமிர்த்தி வைத்தாள். அதற்கு நேரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் தூக்கினாள்.

வலக்கையால் இடக்காதுத் தோட்டைத் தொட்டாள். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினாள். உச்சியிலிருந்து தோள்வரை சீப்பால் தலை இழுப்பதுபோல ஒரு கோடு இழுத்தாள். பிறகு உள்ளங்கையை நெஞ்சில் வைத்து மெதுவாக, மிக மெதுவாக, இரண்டுதரம் தட்டினாள்.

கண்ணாடி கறுப்பாகவே இருந்தது. அதில் அவளுடைய கைகளே அவளுக்குத் தெரிந்தன.

"என்ன பண்றாங்க?" கம்பெனிக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதுதான் தம்பி, கதை," என்றார் ஐயாத்துரை. "நிரோஜா, சாப்பிட்டியா, தலை இழுத்தியா எண்டு கேக்கிறா, பயப்பிடாத எண்டு சொல்லுறா. பிள்ளைக்குப் பிறந்ததிலயிருந்தே காது கேளாது. தாயும் மகளும் கதைக்கிறது உப்பிடித்தான்."

கம்பெனிக்காரர் முயல் கதையை வெட்டினார். வேறு எங்கே எழுதுவது என்று கேள்வித்தாளில் இடம் தேடினார்.

அடுத்த கேள்வி, ஒலி தெளிவாகக் கேட்கிறதா என்பது.