கருங்கிடா படுத்துக்கொண்டது

போன கார்த்திகையில் கோயில் வரிசையில் நிற்கும்போது என் சம்பந்தி மரகதவல்லி சொன்ன கதை இது, அம்மாடி.

கிடாமுட்டுக் களத்தில் இருபதாவது முட்டு முடிந்ததும் செவலைக் கிடா தள்ளாடியது. எதிரில் நின்ற கருங்கிடாவிடம், "அண்ணே, தண்ணித் தொட்டி எனக்கு ரெண்டாத் தெரியுதே?" என்று கேட்டது.

"ஒண்ணுதான்டா. போதும்னு நின்னுடு."

"அதை நடுவருல்ல சொல்லணும்."

செவலையை வளர்த்தவர் சொல்லட்டும் என்று நடுவர் இருந்தார். நடுவர் சொல்லட்டும் என்று வளர்த்தவர் இருந்தார். இன்னொரு முட்டு விழுந்தால் செவலை பிழைக்காது என்று கருங்கிடாவுக்குத் தெரிந்துவிட்டது. முன்னங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டது.

"பயந்தாங்கொள்ளி" என்று கூட்டம் சிரித்தது. மாலை செவலையின் கழுத்தில் விழுந்தது.

"கால்ல அடியா அண்ணே?"

"காலுக்கு ஒண்ணுமில்ல. நிறுத்த வேற ஆளைக் காணோம்."

அம்மாடி, உன் மகன் ஆடுற ஆட்டத்துக்குப் போனால், எதிரணிப் பிள்ளைகள்ல யாரும் தள்ளாடுறாங்களான்னும் கொஞ்சம் பார்த்துக்கோ.